ஏமாந்தேன் என்று சொல்ல ஓர் ஆள்

சோப்பு, ஊசி, தீப்பெட்டி என்று எதையாவது பையில் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கிச் செருப்பைத் தேய்த்த சக பாவிகளே, உங்களில் யாரும் தூண்டில் முள் விற்றிருக்க மாட்டீர்கள். விற்றிருந்தால், ஏமாறுவதில் மீனுக்கு இருக்கும் தாராளம் மீன் பிடிப்பவனுக்குக் கிடையாது என்பது தெரிந்திருக்கும்.

நான் விற்றேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று கட்டுமரம் இழுத்துப் போடுகிற மணல் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் என் சைக்கிள் போகும். சீமையிலிருந்து முள்ளை இறக்குமதி செய்யும் ஏஜென்சி ஒன்றில் எனக்கு உத்தியோகம். இங்கே சொல்லப்போகும் வழக்கு நடந்தபோது பதினைந்து வருஷ சர்வீஸ். நல்ல சரக்கை விற்பவனுக்குக் கொஞ்சம் திமிர் வரும். எனக்கு அது நிறையவே வந்திருந்தது.

அன்னம் வாத்தான கதை

எங்கள் முள் பெட்டியில் பச்சைத் தாள் ஒட்டியிருக்கும். சுற்றிலும் சிவப்புக் கரை. நடுவே தண்ணீரில் மிதக்கும் ஒரு வெள்ளைப் பறவை. முள்ளைச் செய்யும் சீமைக் கம்பெனியின் கடிதங்களில் அதற்கு அன்னம் என்று பெயர். ராயபுரத்தில் அன்னத்தை யார் கண்டது? முதல் பெட்டி வந்த நாளிலேயே அது வாத்து ஆகிவிட்டது. ‘வாத்து முள்ளு அஞ்சு குடு’ என்றுதான் கேட்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் படம்தான் எழுத்து.

சுதந்திரத்துக்கு முன்னால் ஒருமுறை கம்பெனித் துரை ஒருவர் நேரில் வந்தார். கல்மண்டபம் பக்கம் கயிறும் வலைநூலும் விற்கும் ஞானமுத்து அண்ணாச்சி கடைக்கு அழைத்துப் போனேன். அண்ணாச்சி தெற்கத்திக்காரர், யாருக்கும் தலை வணங்காதவர். கடைக்கு வந்த ஆட்களெல்லாம் வாத்து, வாத்து என்று கேட்க, துரை என்னிடம் அர்த்தம் கேட்டார். சொன்னேன். அவர் முகம் பெட்டிக் கரையைவிடச் சிவந்தது. ‘அன்னம் என்று இவர்களுக்குச் சொல்லிக்கொடு’ என்று அங்கேயே உத்தரவு. நான் அதைத் தமிழில் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் தராசைக் கீழே வைத்தார்.

“அன்னம்னா பாலையும் தண்ணியையும் பிரிச்சுக் காட்டச் சொல்லுவாங்க. என் கடையில முள்ளு விக்கிறது வாத்துதான்.”

நகமும் பல்லும்

காசிமேட்டில் முள் வாங்கும் முறையே தனி. முள்ளை வாயில் வைத்துப் பின்பல்லால் ஒரு கடி கடிப்பார்கள். நல்ல எஃகு பல்லுக்கு எதிர்த்து நிற்கும். மட்டமான கம்பி இணங்கிப் போகும். அதில் மன்னன் லூர்து. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கட்டுமரத்தில் தனியாகப் போய் வஞ்சிரம் பிடித்துவரும் ஆள். எனக்கு என் முறை உண்டு. முள்ளின் வளைவைக் கட்டைவிரல் நகத்தில் மாட்டி ஓர் இழுப்பு இழுத்து விடுவேன். அசல் என்றால் சட்டென்று பழைய வடிவுக்குத் திரும்பும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு அண்ணாச்சி கடையில் எங்கள் இருவருக்கும் போட்டி வைத்தார்கள். பல ஊர் முள்ளைக் கலந்து பத்து எடுத்து வைத்து, ஆளுக்கொரு துண்டால் கண்ணைக் கட்டினார்கள். அவர் கடித்தார், நான் இழுத்தேன். இரண்டு பேரும் பத்துக்குப் பத்து. அப்படியானால் ஜெயித்தது யார் என்று கூட்டம் கேட்டது. லூர்துவே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

“நான்தான். நகம் பூட்ச்சின்னா இன்னொண்ணு மொளைக்கும், பல்லு பூட்ச்சின்னா எனுக்கு எவன் குடுப்பான்?”

சரக்கு இல்லாத மாதங்கள்

சுதந்திரம் வந்து நாலாவது வருஷம் என்று ஞாபகம். இறக்குமதிக்கு லைசென்ஸ் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருந்தது. ஏஜென்சிக் கிடங்கில் முள்ளே இல்லை. வஞ்சிரம் கரையோரம் வருகிற பருவம் வேறு. கையில் முள் இல்லாத முள் வியாபாரி படும் அவமானத்தை உங்களில் சிலராவது அனுபவித்திருப்பீர்கள். லூர்து இரண்டு முறை ஆள் அனுப்பிவிட்டார். வெறும் கையோடு காசிமேட்டுப் பக்கம் போக எனக்கு மனம் வரவில்லை.

வண்ணாரப்பேட்டை மொத்தக் கடை ஒன்றில் நான் முன்பு கொடுத்த சரக்கு கொஞ்சம் மீதி இருக்கும் என்று கேள்விப்பட்டேன். போய் “வாத்து இருக்கா?” என்று கேட்டேன். கடைக்காரர் மேல் தட்டிலிருந்து இரண்டு பெட்டி எடுத்துப் போட்டார். பச்சைத் தாள், சிவப்புக் கரை, வெள்ளைப் பறவை. பையில் போட்டுக்கொண்டு நேரே காசிமேட்டுக்கு மிதித்தேன். லூர்து கையில் பெட்டியைக் கொடுத்தபோது, அவர் வழக்கம்போல் கடித்துப் பார்க்கட்டும் என்று காத்து நின்றேன். அவர் பெட்டியை மடியில் செருகிக்கொண்டார். கடிக்கவில்லையா என்று கேட்டதற்கு வந்த பதிலை ஒரு மெடல் மாதிரி மனதில் குத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

“நீ உன் கையால குடுத்ததப் போயி கடிச்சிப் பாப்பனா நைனா?”

மீன் எதைக் கடிக்கிறது?

அதற்குப் பிறகு ஒரு மாதம்கூட ஆகியிராது. திருவொற்றியூர்க் கடை ஒன்றில் நம் பெட்டி இருப்பதைப் பார்த்துச் சந்தோஷமாகக் கிட்டே போனேன். போனால், அது நம் பெட்டி இல்லை. அதே பச்சை, அதே கரை, பறவை பார்க்கும் திசையும் அதே. ஆனால் கழுத்து குட்டை, மூக்கு தட்டை. நிஜமான வாத்து! அதே ஊரில் சபாபதி என்பவர் பட்டறை போட்டு அடித்த முள். நகத்தில் மாட்டி இழுத்தேன். வளைந்தது வளைந்தபடி நின்றது.

ஏஜென்சி மானேஜர் வக்கீலிடம் ஓடினார். வக்கீலோ, உடைக்காத பெட்டி ஒன்றை ரசீதோடு வாங்கி வா என்று என்னை அனுப்பினார். சொல்லச் சுலபம். மீன்பிடிக்கிறவர்கள் கடையில் பெட்டியாக வாங்குவதில்லை. கடைக்காரர் முன்னால் வைத்திருக்கும் பெட்டியைக் கையால் காட்டி, ஐந்தோ பத்தோ உதிரியாகப் பழைய பேப்பரில் மடித்து வாங்குவார்கள். நான் முழுப் பெட்டி கேட்டதும் கடைக்காரர், எண்ணிக்கை குறைந்தால் என் தலையில் கட்டுவாய் என்று சொல்லி, நான் தடுப்பதற்குள் தாளைக் கிழித்து முள்ளை எண்ண ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது பெட்டிக்கும் அதே கதி. மூன்றாவதைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, பெட்டியைக் கிழிக்காமல் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“பொட்டி எதுக்கு நைனா? மீனு முள்ளத்தான கடிக்குது, பொட்டியையா கடிக்குது?”

பட்டறைக்காரரின் கேள்வி

வழக்கில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கம்பெனி தன் பறவையை இந்தியாவில் பதிவே செய்யவில்லை. உலகமெல்லாம் தெரிந்த பெயருக்குப் பதிவு எதற்கு என்று சீமையில் யாரோ காகிதத்தை மேஜைக்குள் போட்டு மூடிவிட்டார்களாம். மானேஜர் தெளிவாகவே சொல்லிவிட்டார்: தோற்றால் மெட்ராஸில் முள் வியாபாரத்தையே கம்பெனி கைவிட்டுவிடும், என் வேலையும் அதோடு போகும்.

வக்கீல் தைரியம் சொன்னார். பதிவு செய்யாத டிரேட் மார்க் பத்திரம் இல்லாத நிலம் மாதிரி. பத்திரத்தைக் காட்டி ஜெயிக்க முடியாது. ஆனால் இத்தனை வருஷம் உழுதவர் இவர்தான் என்று ஊரார் வந்து சொன்னால் கோர்ட் கேட்கும். ஒருவன் தன் சரக்கை இன்னொருவன் சரக்கு என்று ஜனங்கள் நினைக்கும்படி விற்கக் கூடாது, அவ்வளவுதான் சட்டம் என்றார்.

நோட்டீஸ் போன பிறகு நானே ஒருநாள் சபாபதி பட்டறைக்குப் போனேன். சண்டைக்கு இல்லை, ஆளைப் பார்க்க. கரி படிந்த முகம், உலைக்கு முன்னால் மூன்று பேரோடு தானும் உட்கார்ந்து கம்பி வளைத்துக்கொண்டிருந்தார். மோர் கொடுத்தார். முள்ளுக்கு நீங்களே ஒரு படம் போட்டுக்கொள்ளலாமே என்றேன். வாத்து இல்லாத பெட்டியைக் கடைக்காரன் தொடவே மாட்டேன் என்கிறான் என்றார் ஒளிவுமறைவு இல்லாமல். இந்தப் பேரை இந்த மணலில் உண்டாக்கியது துரை இல்லை, பதினைந்து வருஷம் சைக்கிள் மிதித்த நான் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவர் விடவில்லை.

“தொரை கப்பலேறி நாலு வருசம் ஆச்சி, அவன் வுட்டுட்டுப் போன பறவைக்கு நீ இன்னும் தீனி போட்டுகினு கீறியே, உனுக்கு இன்னா வந்தது?”

ஆள் தேடிய படலம்

“சட்டப்படி, ஜனங்கள் ஏமாறக்கூடும் என்று காட்டினாலே போதும்” என்றார் வக்கீல். “ஆனால் நிஜமாகவே ஏமாந்த ஒருவர் கூண்டில் ஏறிச் சொன்னால் ஜட்ஜ் மனதில் நிற்கும். அப்படி ஓர் ஆளைக் கொண்டு வா.”

இதென்ன பிரமாதம் என்று கிளம்பினேன். ஐயா, காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை ஒரு வாரம் அலைந்தேன். போலி முள் எல்லார் வீட்டிலும் இருந்தது. ஏமாந்தவர் மட்டும் ஒருவரும் இல்லை. ஒருவர், தெரிந்தேதான் வாங்கினேன் என்றார். இன்னொருவர், மச்சான் ஏமாந்தான், நான் இல்லை என்றார். மச்சானைப் போய்க் கேட்டால் அவர் இவரைக் கை காட்டினார். முள்ளில் ஏமாந்தவன் என்று பெயர் எடுத்தால் அப்புறம் அந்த மணலில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது.

கடைசியில் லூர்து வீட்டுக்குப் போனேன். அவருடைய தூண்டிலில் சிக்கிய பெரிய வஞ்சிரம் ஒன்று முள் நிமிர்ந்து தப்பிவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் தலையைச் சொறிந்தார். அப்புறம், “நீ கூப்புட்டா வர்றேன்” என்றார், அவ்வளவுதான். மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்த அவர் மனைவி அந்தோணியம்மா தலையை நிமிர்த்தினார்.

“ஏமாந்தேன்னு சொல்றதுக்கு ஆளா வோணும்? என்னை இட்டுகினு போ நைனா, இந்த ஆளைக் கட்டிகினு இருவது வருசமாச்சி!”

கூண்டில் லூர்து

வெள்ளை வேட்டி, சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை. லூர்து கூண்டில் ஏறியபோது எனக்கே பெருமையாக இருந்தது. வாத்து என்றால் எந்த முள் என்று கேட்டதற்கு, சீமை முள், எங்கப்பன் காலத்திலிருந்து அதுதான் என்று கணீரென்று சொன்னார். நம் வக்கீல் திருப்தியோடு அடுத்த கேள்விக்கு வந்தார். அந்த இன்னொரு முள்ளை இதுவென்று நினைத்து ஏமாந்தீர்களா? லூர்து என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, “இல்ல” என்றார்.

எதிர்க்கட்சி வக்கீலுக்குக் கரும்பு தின்னக் கூலி. இருபது முள்ளைக் கலந்து நீட்டி, பிரித்துக் காட்ட முடியுமா என்றார். லூர்து ஒவ்வொன்றாக வாயில் வைத்துக் கடித்து வலப்பக்கமும் இடப்பக்கமும் போட்டார். கோர்ட்டே மூச்சு விடாமல் பார்த்தது. இருபதும் சரி. இவ்வளவு துல்லியமாகக் கண்டுபிடிக்கிற ஜனங்களை யார் ஏமாற்ற முடியும் என்று எதிர்க்கட்சி வக்கீல் சிரித்தார். நம் வக்கீல் காகிதத்துக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஜட்ஜ் கடைசியாக ஒருமுறை, நீ ஒருபோதும் ஏமாந்தது இல்லையா என்று மொழிபெயர்ப்பாளரை விட்டுக் கேட்கவைத்தார்.

“கடல்ல பொறந்தவனை எவன் ஏமாத்துவான் எஜமான்?”

டிராமுக்குக் காத்திருந்தபோது

வெளியே வந்ததும் நான் லூர்துவைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். உங்கள் வீம்புக்கு என் சோற்றில் மண்ணா என்று கேட்டேன். டிராம் நிற்கும் இடம் வந்ததும் அவர் மடியை அவிழ்த்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே நிமிர்ந்துபோன ஒரு முள். வஞ்சிரத்தைத் தப்பவிட்ட முள்.

எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்றேன். அவர் என் கையைப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் வண்ணாரப்பேட்டை இரண்டு பெட்டியும் ஞாபகம் வந்தது. அன்றைக்குப் பெட்டியைத் திறக்கவில்லை. ஒரு முள்ளைக்கூட நகத்தில் மாட்டவில்லை. திருவொற்றியூர் வாத்தைக் கண்டுபிடித்த பிறகும் அந்தப் பெட்டிகள் என் நினைப்பில் எட்டிப் பார்க்கவில்லை. ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறவனுக்குத் தன்மேல் சந்தேகம் வருமா? நடுத்தெருவில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லூர்து முள்ளைத் திரும்ப மடித்தார்.

“ஏமாந்தேன்னு சொன்னா எவன் குடுத்தான்னு கேப்பாங்க. உன் பேரை அங்க நான் எப்படிச் சொல்றது நைனா?”

என் முறை

திருவொற்றியூரில் வாங்கிய பெட்டியின் ரசீதைக் காட்டுவதற்காக நானும் சாட்சிப் பட்டியலில் இருந்தேன். மறுநாள் காலையில் வக்கீலிடமும் மானேஜரிடமும் நடந்ததைச் சொன்னேன். ஏஜென்சியின் பேரில் போலிச் சரக்கு கொடுத்ததற்கு என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பலாம். கூண்டில் சொன்னால் வேலை போகலாம். சொல்லாவிட்டால் வழக்கு போகும், கூடவே வேலையும். இரண்டையும்விட, லூர்து எனக்காகப் பொய் சத்தியம் செய்துவிட்டு நிற்பது என்னால் தாங்க முடியவில்லை.

கூண்டில் ஏறி எல்லாவற்றையும் சொன்னேன். முள்ளையும் காட்டினேன். எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். பதினைந்து வருஷ அனுபவம் என்கிறீர், பிறகு எப்படி ஏமாந்தீர்?

“பெட்டியைப் பார்த்தேன் ஐயா. முள்ளைப் பார்க்கவில்லை.”

“ஏன் பார்க்கவில்லை?”

“அந்தப் படம் இருந்தால் முள்ளைப் பார்க்க வேண்டியதில்லை என்று பதினைந்து வருஷமாக ஊருக்குச் சொன்னவனே நான்தான்.”

அவர் உட்கார்ந்துவிட்டார். பின்வரிசையில் காசிமேட்டு ஆட்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். இனி இந்தக் கதை கரையெல்லாம் ஓடும் என்று தெரிந்தது. காது சூடாகியது. ஆனால் முதுகு மட்டும் வளையவில்லை. ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டு இரு தரப்பு வக்கீல்களையும் பார்த்து இங்கிலீஷில் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்.

“இதையே விற்றுப் பிழைத்தவர் ஏமாந்திருக்கிறார். ஐந்து முள் வாங்க வருகிறவர் எம்மாத்திரம்?”

புதுப் பெட்டி

பறவையையும் பச்சைத் தாளையும் சபாபதி விட்டுவிட வேண்டும், முள் செய்வதற்குத் தடை இல்லை என்று தீர்ப்பாயிற்று. என் வேலை தப்பியது. தீர்ப்புக்குள் என் பெயரும் இருக்கிறது, போலியைக் கண்டு ஏமாந்த சாட்சி என்ற அடைமொழியோடு. லூர்து கூண்டில் பொய் சொன்னதை யாரும் கிளறவில்லை. எனக்காகச் சொன்னது என்று புரிந்துகொண்டார்களோ, என் கதையில் அவரை மறந்துவிட்டார்களோ, தெரியாது.

சில மாதம் கழித்து அண்ணாச்சி கடையில் சபாபதியைப் பார்த்தேன். கையில் ஒரு மஞ்சள் பெட்டி. மேலே கலங்கரை விளக்குப் படம். ஒரு முள்ளை எடுத்து நீட்டினார். நகத்தில் மாட்டி இழுத்து விட்டேன். சட்டென்று திரும்பியது. இன்னொன்றையும் இழுத்தேன், அதுவும் திரும்பியது. நல்ல முள் என்று வாய்விட்டுச் சொன்னேன். எஃகை மாற்றி, உலைச் சூட்டை மாற்றி ஆறு மாதம் பாடுபட்டாராம். வாத்து இருந்தவரை அதற்கு அவசியம் இருக்கவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். பிறகு பெட்டியை மூடி, படத்தின் மேல் படிந்த தூசியை வேட்டி முனையால் துடைத்தார்.

“நாளைக்கு எவனாவது என் வெளக்கைத் திருடினான்னு வெச்சிக்க, நீதான் வந்து ஏமாந்தேன்னு சொல்லணும் நைனா. உன்னாட்டம் ஏமாற ஆள் இந்த மெட்ராஸ்லயே கெடைக்காது.”

யாரோ ஒரு சீமைக் கம்பெனி பதிவு செய்ய மறந்த பெயருக்காக என் பெயரைக் கெடுத்துக்கொண்டு வந்தேன் என்று வீட்டில் இன்றும் சொல்லிக்காட்டுகிறார்கள். கெட்டது என்னவோ உண்மைதான், ஆனால் அதுவரை வெறும் முள்ளுக்காரனாக இருந்த என்னை அதற்கு அப்புறம்தான் அந்தக் கரையில் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார்கள்.